கல்லூரிக் கோர்ட்டும் வங்கிக் கோர்ட்டும்

கூடைப்பந்து ரசிகர்களிடம் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. கல்லூரி ஆட்டத்தில்தான் பந்து ஐந்து கைக்கும் போகிறது, தடுப்புக்கு எல்லாரும் இறங்கி ஓடுகிறார்கள், தோற்றால் அழுகிறார்கள். அதுவே உண்மையான கூடைப்பந்து. காசு வாங்கி ஆடுகிற ஆட்டத்திலோ நட்சத்திரம் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்க, மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கிறார்கள். அமெரிக்காவில் நெடுநாளாகச் சொல்லப்படும் இந்தக் குற்றச்சாட்டு திருத்தணி வரைக்கும் வந்திருக்கிறது. இங்கே அதைச் சொல்பவர்கள் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்கள். கேட்டுச் சிரிப்பவர்கள், விடியற்காலையில் போனில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. பார்த்துவிட்டு முதல் பீரியடுக்கு ஓடும் பையன்கள். பையன்களுக்குக் கல்லூரி ஆட்டம் என்றாலே இளக்காரம்.

இரு தரப்பும் ஒரே இடத்தில் வழுக்குகிறது. பாணியையும் திறனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாணி என்பது விதி, வயது, ஆடுதளம், பயிற்சியாளரின் பயம் எல்லாம் சேர்ந்து செய்வது. திறன் என்பது, எதிரே நிற்பவன் தடுக்கும்போதும் ஒருவனால் செய்ய முடிவது. பாணி அழகாக இருந்தால் திறனும் உயர்ந்தது என்று கொள்வது மாஸ்டரின் பிழை. திறன் உயர்ந்த இடத்தில் உள்ள பாணியை அப்படியே எடுத்து நம் பள்ளித் தளத்தில் ஆடலாம் என்று நினைப்பது பையனின் பிழை.

முதலில் அமெரிக்கக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

அங்கே கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் இரண்டு தனி விதிப்புத்தகங்கள். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், நான்கு கால்பகுதி. கல்லூரி ஆண்கள் ஆட்டம் 40 நிமிடம், இரண்டு பாதி. என்.பி.ஏ.வில் பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் ரிங்கை நோக்கி வீசியாக வேண்டும் என்பது 1954 முதல் உள்ள விதி. கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு அப்படியொரு கடிகாரம் 1985இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது, அதுவும் 45 நொடி. பிறகு 35 ஆயிற்று, 2015 முதல் 30. மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வில் 7.24 மீட்டர், மூலைகளில் மட்டும் 6.7. கல்லூரியில் 2019 முதல் பன்னாட்டு அளவான 6.75. இவற்றையெல்லாம் விடப் பெரிய வித்தியாசம் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. என்.பி.ஏ.வில் யாரையும் நெருங்கிக் காக்காமல் ஒரு தடுப்பாளர் ரிங்குக்கு அடியில் 3 நொடிக்கு மேல் நின்றால் தண்டனை. கல்லூரியில் அந்த விதி கிடையாது. உயரமான ஆள் ஒருவரை ரிங்குக்குக் கீழே நட்டுவைத்து, சுற்றி நால்வரை, ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ஜோனில் நிறுத்திவிட்டால் போதும்.

அந்தச் சுவருக்கு முன்னால் 20 வயதுப் பையன் என்ன செய்வான்? உள்ளே புக முடியாது. தூரத்திலிருந்து போட நம்பிக்கை போதாது. பக்கத்திலிருப்பவனிடம் தருவான், அவன் அடுத்தவனிடம் தருவான். பந்து கோட்டைச் சுற்றி ஐந்து கைக்கும் போகும். மாஸ்டர் இதைத்தான் கூட்டு ஆட்டம் என்று வாழ்த்துகிறார். பாதி நேரம் அது வழி தெரியாத சுற்று. 30 நொடி இருப்பதால் சுற்றவும் முடிகிறது.

இனி எண்கள். என்.பி.ஏ. அணி ஒன்று சமீப ஆண்டுகளில் ஆட்டத்துக்குச் சராசரியாக 110 புள்ளிக்கு மேல் எடுக்கிறது, கல்லூரி அணி 70களில் நிற்கிறது. நிமிடக் கணக்கில் வகுத்தாலும் இடைவெளி மறையவில்லை. ஆனால் இது வேகத்தின் கணக்கு, விதியின் கணக்கு என்று ஒருவர் வாதிடலாம். சரி, விதி தொடாத ஓர் இடத்துக்குப் போவோம். ஃப்ரீ த்ரோ. தூரம் ஒன்று, ரிங் உயரம் ஒன்று, தடுக்க ஆள் இல்லை. என்.பி.ஏ.வில் நூற்றுக்கு 78 அளவில் விழுகிறது, கல்லூரியில் 71, 72. மூன்று புள்ளி வீச்சோ இன்னும் தெளிவு. அதிகத் தூரத்திலிருந்து, அதிக உயரமும் வேகமும் உள்ள தடுப்பாளர்களுக்கு மேலே போட்டும் என்.பி.ஏ. நூற்றுக்கு 36ஐ ஒட்டி நிற்கிறது. கோடு அருகில் இருந்தும் கல்லூரி ஆட்டம் 34ஐத் தாண்டத் திணறுகிறது. தலைக்கணக்கும் இதையே சொல்கிறது. முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். என்.பி.ஏ.வில் 30 அணிகள், ஆண்டுதோறும் இரண்டு சுற்றில் எடுப்பது 60 பேரைச் சுற்றி. அந்த 60க்குள்ளும் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்களைவிட மனிதர்கள் நன்றாகச் சாட்சி சொல்கிறார்கள். 2006இல் கல்லூரி ஆட்டத்தில் நாடே பார்த்த இரண்டு வீச்சாளர்கள் ஆடம் மாரிசனும் ஜே.ஜே. ரெடிக்கும். கொன்ஸாகா கல்லூரியின் மாரிசன் ஆட்டத்துக்கு 28 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதல்வர். என்.பி.ஏ. அணிகள் அவரை மூன்றாவதாகவும் டியூக் கல்லூரியின் ரெடிக்கைப் பதினொன்றாவதாகவும் எடுத்தன. மாரிசன் சில ஆண்டுகளில் காணாமல் போனார். ரெடிக் முதல் ஆண்டுகளில் பெஞ்சில் உட்கார்ந்து, தடுக்கக் கற்று, பந்தில்லாமல் ஓடக் கற்று, 15 பருவம் ஆடினார். கல்லூரியில் இருவருக்கும் பந்து கைக்கு வந்தது. மேலே போனதும் பந்து வராத நேரத்தில் என்ன செய்கிறாய் என்பதே கேள்வியாகிவிட்டது. தொழில்முறை ஆட்டத்தில் தனியாள் வித்தைதான் இருக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனியாள் வித்தை மட்டும் தெரிந்தவரை வெளியே தள்ளியது தொழில்முறை ஆட்டம்.

பெண்கள் ஆட்டத்தில் இதைவிடக் கச்சிதமான சாட்சி இருக்கிறது. ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் கல்லூரி வாழ்க்கையில் 3,951 புள்ளி எடுத்தவர். 2024 ஏப்ரல் 7ஆம் தேதி கல்லூரி இறுதி ஆட்டம் ஆடினார், மே 14ஆம் தேதி தொழில்முறையில் இறங்கினார். இடையில் ஐந்து வாரம்தான். அதே உடம்பு, அதே கை. முதல் ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தார், 10 முறை பந்தைப் பறிகொடுத்தார். கல்லூரியில் திறந்திருந்த பாஸ் வழிகள் இங்கே கண் இமைக்குமுன் அடைபட்டன. அவர் அந்தப் பருவத்திலேயே பழகிக்கொண்டார், சிறந்த புதுமுகம் என்ற பெயரும் பெற்றார் என்பது அவருடைய மேதைமை. ஆனால் முதல் நாளின் அந்த 10, இரண்டு ஆட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து காட்டிய அளவுகோல்.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான சாட்சி உண்டு. அதை மறைப்பது திறனாய்வு ஆகாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரி வீரர்களின் அணி சோவியத் யூனியனிடம் 82–76 என்று தோற்றது. 1992இல் முதன்முறையாக என்.பி.ஏ. நட்சத்திரங்கள் போனார்கள். மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் இருந்த அந்த ‘டிரீம் டீம்’ பயிற்சிக்காகக் கல்லூரி மாணவர்கள் கொண்ட ஓர் அணியோடு கலிபோர்னியாவில் ஆடியது. 62–54 என்று மாணவர்கள் வென்றார்கள்! கல்லூரிப் பக்கம் வாதாடுவோருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் நிலைமை மாறுகிறது. பயிற்சியாளர் சக் டேலி ஜோர்டானை அதிகம் ஆடவிடவில்லை. நட்சத்திரங்களுக்கு ஒரு சூடு வைக்கவே வேண்டுமென்று தோற்றார் என்று உதவிப் பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுநாள் மறு ஆட்டத்தில் மாணவர்கள் நசுங்கினார்கள். இன்னொன்று, அந்த மாணவர்கள் வழக்கமான கல்லூரி அணி அல்ல. கிறிஸ் வெப்பர், பென்னி ஹார்டவே, கிராண்ட் ஹில், ஆலன் ஹூஸ்டன் என்று நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்தவர்கள், பிற்பாடு என்.பி.ஏ.வில் கொடிகட்டியவர்கள். ஒரு நாள் ஆட்டத்தில் எதுவும் நடக்கும் என்பதைத்தான் அது நிரூபித்தது. அந்த டிரீம் டீம் பார்சிலோனாவில் ஒவ்வோர் ஆட்டத்தையும் சராசரியாக 40 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது.

‘ஒரு நாள் எதுவும் நடக்கும்’ என்பதுதான் கல்லூரி ஆட்டத்தின் வசீகரம் முழுவதும். மார்ச் மாதத்தில் 68 அணிகள், ஒரே தோல்வியில் வெளியே. 2018இல் தரவரிசையில் முதலிடத்திலிருந்த வர்ஜீனியாவை யு.எம்.பி.சி. என்ற சிறிய பல்கலைக்கழகம் 74–54 என்று வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு அதே வர்ஜீனியா பட்டம் வென்றது. என்.பி.ஏ.வில் ஏழு ஆட்டத் தொடர், யார் சிறந்தவர் என்பதை ஏறக்குறையத் தவறாமல் கண்டுபிடித்துவிடும். பார்ப்பவருக்கு முதலாவதில் பரபரப்பு அதிகம், நானும் அதையே விரும்பிப் பார்க்கிறேன். பரபரப்பு என்பது திறனின் அளவு அல்ல, நிச்சயமின்மையின் அளவு. அமெரிக்க வழக்கில் தீர்ப்பு இதுதான்: திறனில் கல்லூரி ஆட்டம் கிட்டே வரவில்லை. பாணியில் அது வேறு விளையாட்டு, அவ்வளவே. மாஸ்டர் தோற்றார்.

இனி நம் பக்கம். இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது, பையன் மாட்டிக்கொள்கிறான்.

தமிழ்நாட்டில் இரண்டு விதிப்புத்தகம் இல்லை. கல்லூரி ஆடுவதும் வங்கி, ரயில்வே போன்ற அலுவலக அணிகள் ஆடுவதும் பன்னாட்டுக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் ஒரே விதி: பத்து நிமிடமாக நான்கு பகுதி, 24 நொடி, 6.75 மீட்டர், ஐந்து ஃபவுல். ஆகவே அமெரிக்காவில் பாணி வித்தியாசத்துக்குச் சொன்ன காரணம் எதுவும் இங்கே செல்லாது. வித்தியாசம் இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

தொழில்முறை என்று இங்கே எதைச் சொல்வது என்பதே முதல் கேள்வி. தனியார் லீக்குகள் வந்து போயின. யு.பி.ஏ. லீக் 2015இல் தொடங்கி 2017இல் அடங்கியது. பிறகு ஐ.என்.பி.எல். வந்தது. அதன் ஐவர் ஆட்டத்தின் முதல் பருவத்தை 2023 தொடக்கத்தில் சென்னை ஹீட் வென்றது. இவை சில வார ஆட்டங்கள், ஆண்டு முழுக்கச் சோறு போடுபவை அல்ல. சோறு போட்டது வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கம், தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். இவற்றின் அணிகள்தாம் தமிழ்நாட்டின் தொழில்முறை. அவர்களுக்கு எதிரே லயோலா, எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான், சத்தியபாமா, பெண்களில் எம்.ஓ.பி. வைணவா என்று கல்லூரிகள். திறந்த போட்டிகளில் இருவரும் ஒரே குலுக்கலில் வருவார்கள். அமெரிக்காவில் டியூக் அணி ஒரு என்.பி.ஏ. அணியோடு பட்டத்துக்கு மோதுவதை நினைத்தும் பார்க்க முடியாது. இங்கே அது சாதாரண செய்தி. ஒப்பிடுகிறவனுக்கு இது பெரிய வசதி, ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த நெருக்கத்துக்கு வரலாறும் உண்டு. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வழியாகப் பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகப் பள்ளி ஆசிரியர்களாகப் போனார்கள். பந்து முதலில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போயிற்று, அலுவலகங்கள் பின்னால் வந்து அங்கே விளைந்தவர்களை எடுத்துக்கொண்டன. இன்றும் வங்கி அணி என்பது பெரும்பாலும் சில ஆண்டுக்கு முந்தைய கல்லூரி அணிகளின் கூட்டுதான்.

கோயம்புத்தூர் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையிலோ பெரியகுளம் அகில இந்தியப் போட்டியிலோ இரவு வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தால், இந்த இரு பாணியும் உடைமாற்றம் போலத் தெளிவாகத் தெரியும். கல்லூரி அணி புள்ளி எடுத்த கணமே முழுத் தளத்திலும் நெருக்கித் தடுக்கும் பிரஸ் போடும். பந்தைப் பறித்தால் ஃபாஸ்ட் பிரேக், இரண்டே பாஸில் லே-அப். பெஞ்சிலிருந்து ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மூச்சு அவர்களுடைய ஆயுதம். வங்கி அணி பந்தை நடந்தே கொண்டுவரும். ஒருவர் ஸ்கிரீன் வைப்பார், கார்டு அதைச் சுற்றி வருவார், தடுப்பாளர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துப் பாஸ் கொடுப்பார். ரிங்குக்கு அடியில் உள்ள ஆள் இடுப்பாலேயே இடம் பிடித்துவைத்திருப்பார். தேவையான இடத்தில் ஃபவுல் வாங்குவார், தேவையான இடத்தில் கொடுப்பார். நடுவரோடு எந்த அளவு பேசலாம் என்பதும் அவருக்கு அத்துப்படி.

முதல் மூன்று பகுதி வரை கல்லூரி முன்னால் இருக்கலாம். நான்காவது பகுதியில் ஆட்டம் மெதுவாகும். கல்லூரி கார்டு 24 நொடியில் 15ஐக் கோட்டுக்கு வெளியே தட்டியே செலவழிப்பார். கடைசியில் கையில் பந்து உள்ளவர் எவரோ அவர் வீசுவார். ஃப்ரீ த்ரோ தவறும். வங்கி அணி எட்டுப் புள்ளியில் வென்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்.

இதில் எது திறன், எது அனுபவம்? இந்தக் கேள்வியில்தான் என் கருத்து வழக்கமான கருத்திலிருந்து பிரிகிறது. வங்கி அணி வெல்வதற்குக் காரணமாகப் பார்வையாளர் சொல்வது, அவர்கள் மேல்மட்ட ஆட்டக்காரர்கள் என்பது. கூர்ந்து பார்த்தால் வங்கி வீரர் செய்யும் தனித்த செயல் எதுவும் கல்லூரி வீரருக்குத் தெரியாதது அல்ல. இடக்கை டிரிப்ளிங் கல்லூரியில் எவ்வளவு பலவீனமோ ஏறக்குறைய அவ்வளவே வங்கியிலும். ஓடிவந்து நின்ற வேகத்தில் போடும் மூன்று புள்ளி வீச்சு இருவருக்கும் அரிது. வித்தியாசம் முடிவெடுப்பதில்: எப்போது வீச வேண்டாம், எப்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டும், யாரை ஃபவுல் செய்ய வேண்டும். இவை வயதால் வருபவை. கெய்ட்லின் கிளார்க் ஐந்து வாரத்தில் சந்தித்த சுவர் இங்கே ஒரு கல்லூரி வீரர் வங்கிக்குப் போகும்போது இல்லை. போன முதல் மாதமே அவர் ஐவரில் ஒருவராக ஆட முடிகிறது. அதை அவருக்குப் பெருமையாகச் சொல்கிறோம். வங்கி ஆட்டத்துக்கு அது பெருமையா?

தளத்தையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும், இதை நம் விமரிசகர்கள் அதிகம் எழுதுவதில்லை. பெரும்பாலான பையன்கள் வளர்வது திறந்தவெளிச் சிமெண்ட் தளத்தில். வெயிலும் காற்றும் இருக்கும் இடத்தில் தூர வீச்சை நம்ப முடியாது, ரிங்குக்குப் பக்கத்தில் போய்ப் போடுவதே பழகும். சிமெண்டில் யாரும் விழுந்து பந்தெடுக்க மாட்டார்கள், முட்டி போய்விடும். எதிராளி மோதிவரும்போது நெஞ்சை நிமிர்த்தி நின்று சார்ஜ் வாங்குவதும் அதனால்தான் குறைவு. 18 வயதில் மரத்தளம் கிடைக்கும்போது உடம்பின் பழக்கங்கள் இறுகிவிடுகின்றன. வங்கி அணி அந்தப் பழக்கங்களைத் திருத்துவதில்லை, சுற்றி வழி கண்டுபிடித்துக்கொள்கிறது.

திருத்துவதில்லை என்பதற்கு அடிக்காரணம் வேலை. தமிழ்நாட்டுப் பெற்றோர் கூடைப்பந்தை அனுமதித்ததே விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக: பள்ளியில் விடுதி, கல்லூரியில் கட்டணச் சலுகை, பிறகு ஒரு வேலை. அதில் கேவலம் எதுவும் இல்லை. ஒரு குடும்பம் நிமிர்ந்து நின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்ட நோக்கில் இதன் விளைவு என்ன? வேலைக்கு எடுக்கும் வரை வளர்ச்சி, எடுத்த பிறகு பராமரிப்பு. ரெடிக்கைப் பெஞ்சில் உட்காரவைத்துப் புது ஆளாக்கிய அந்த அழுத்தம் இங்கே இல்லை. இந்த மாதம் தடுக்கக் கற்காவிட்டால் அடுத்த மாதம் இடம் போய்விடும் என்று வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் அமர்ந்தவரிடம் யாரும் சொல்வதில்லை.

விதிவிலக்குகள் இந்த வாதத்தையே உறுதி செய்கின்றன. தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடப் போனார், 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வு முகாம்கள் வரை போனார். அவர் காலத்து இந்திய ஆட்டக்காரர்களிடமிருந்து அவர் தனித்துத் தெரிந்ததற்கு உயரம் மட்டும் காரணம் அல்ல. அதே ரயில்வேயின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவரானார், பதினைந்து ஆண்டுக்கு மேல் நாட்டுக்காக ஆடினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அலுவலக ஆட்டத்துக்குள் இருந்துகொண்டே வளர முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் மீண்டும் மீண்டும் ஆசியப் போட்டி என்ற உரைகல்லில் தேய்க்கப்பட்டவர் அவர். அந்த உரசல் கிடைக்காத மற்றவர்களுக்கு அது நடக்கவில்லை.

நாட்டு அளவில் தமிழ்நாட்டு ஆண்கள் பலம் பற்றி இரண்டு பேச்சு இல்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் பஞ்சாபை வென்று பட்டம் எடுத்தார்கள். தமிழ்நாட்டின் முயின் பெக் ஹபீஸ் இந்திய அணிக்கே தலைமை தாங்கியிருக்கிறார். அதே இந்திய அணி 2025 ஆகஸ்டில் ஜெட்டாவில் நடந்த ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஜோர்டானை மிரட்டியது, ஆட்டத்தைக் கூடுதல் நேரம் வரை கொண்டுபோனது, அங்கே தோற்றது. அடுத்து சீனாவிடமும் சவூதியிடமும் தோற்றுத் திரும்பியது. உள்ளூரில் கல்லூரி அணி வங்கியிடம் கடைசி நிமிடங்களில் தோற்கும் அதே விதத்தில், வங்கிகளும் ரயில்வேயும் படையணிகளும் அனுப்பிய நாட்டு அணி ஜோர்டானிடம் தோற்றது. ஜோர்டான் ஆட்டக்காரர்களுக்கு நெருக்கடி நிமிடங்கள் மாதந்தோறும் வருபவை. நம்மவர்களுக்கு ஆண்டில் சில தடவை.

சத்னாம் சிங் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். பஞ்சாப் கிராமத்தவரான அவர் ஃபுளோரிடாவில் பயிற்சி பெற்று 2015இல் டல்லாஸ் அணியால் 52ஆவதாக எடுக்கப்பட்டார். நம் பையன்கள் அவர் பெயரைச் சொல்லி நம்பிக்கை கொள்கிறார்கள். அவர் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் அவர் ஆடியதில்லை. நடுப்படி இல்லாமல் மேல்படிக்குத் தூக்கிவிடப்பட்டவர். கல்லூரி ஆட்டம் திறனில் தாழ்ந்தது என்று மேலே தீர்ப்பு எழுதினேன். தாழ்ந்தது என்பதும் தேவையற்றது என்பதும் ஒன்றல்ல. வாரத்தில் இரண்டு ஆட்டம், கூடவே வீடியோ பார்த்துத் திருத்தும் பயிற்சியாளர் என்று ஓர் இளைஞன் ஆண்டுக்கு முப்பது ஆட்டத்துக்கு மேல் நெருக்கடியில் ஆடுகிற இடம் அது. நம் கல்லூரி வீரருக்கு அந்த எண்ணிக்கை கிடைத்தால், அதே மூச்சும் பிரஸ்ஸும் வேறு விலை பெறும்.

இதைத் திருத்தணியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் வாலிபால், கபடி, கிரிக்கெட் அளவுக்குக் கூடைப்பந்து வேரூன்றவில்லை. நன்றாக ஆடும் பையன் ஒருவன் தேறினால் அவன் மின்சார ரயிலில் ஏறிச் சென்னை விடுதிக்குப் போய்விடுவான். எல்லை ஒன்றும் குறுக்கே இருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. சில கல் தொலைவிலுள்ள நகரி அங்கேயே நின்றது. இரண்டு ஊர்ப் பையன்களும் ஒரே சந்தையில் ஷூ வாங்கி, ஒரே தளத்தில் ஆடலாம். மாநிலத் தேர்வு என்று வரும்போது ஒருவன் நாட்டின் மிக வலுவான அணி ஒன்றின் வரிசையில் கடைசியில் நிற்கிறான், மற்றவன் போட்டி குறைந்த வரிசையில் முன்னால் நிற்கிறான். திருத்தணிப் பையனுக்கு மாநில அணி எட்டாக்கனி என்றால், அவனுக்கு மிஞ்சுவது கல்லூரி ஆட்டம்தான். சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு எத்தனை நல்ல ஆட்டம் அவனுக்குக் கிடைக்கும்? தோற்றால் வெளியே என்ற மண்டலப் போட்டி ஒன்று, இன்னும் ஓரிரண்டு அழைப்புப் போட்டிகள். முதல் சுற்றில் பெரிய கல்லூரியிடம் சிக்கினால் 40 நிமிடத்தில் அவனுடைய பருவம் முடிந்தது.

அந்தப் பையன் போனில் பார்த்துப் பழகுவதோ ஸ்டெப்-பேக் மூன்று புள்ளி வீச்சு. என்.பி.ஏ.வில் அது ஏன் பிறந்தது? அங்கே ரிங்குக்கு அடியில் 3 நொடி விதி இருக்கிறது, உள்ளே இடம் காலி. தடுப்பாளர் உள்ளே பாய்வதைத் தடுக்கப் பின்வாங்குகிறார், அதனால் பின்னால் ஒரு எட்டு வைத்தால் வெளி கிடைக்கிறது. ஃபிபா விதியில் ஜோன் போட்டு நிற்கும் கல்லூரி அணிக்கு முன்னால் அந்த எட்டுக்கு வேலை குறைவு. அவன் பார்க்க வேண்டியது வேறு. டேவிட்சன் என்ற சிறு கல்லூரியிலிருந்து வந்த ஸ்டீபன் கர்ரியை எல்லாரும் வீச்சுக்காகப் பார்க்கிறார்கள். வீச்சுக்கு முந்தைய ஆறு நொடி அவர் பந்தில்லாமல் எப்படி ஓடுகிறார் என்று பார்த்தால் போதும், அது எந்த விதியிலும் செல்லும், சிமெண்டிலும் செல்லும்.

ஆக, தீர்ப்பு. அமெரிக்காவில் கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் இடையே உள்ள திறன் தூரம் பெரியது, அந்தத் தூரம் தொழில்முறையின் வெற்றி. தமிழ்நாட்டில் வங்கி அணி கல்லூரி அணியைவிட மேல், ஆனால் சற்றே மேல். இந்தச் ‘சற்றே’ கல்லூரிகளுக்குப் பாராட்டு, அலுவலக அணிகளுக்குக் குற்றச்சாட்டு. பாணியில் கல்லூரி அணிகளின் வேகமும் பிரஸ்ஸும் இன்றைய பன்னாட்டு ஆட்டத்துக்கு நெருக்கமானவை. அலுவலக அணிகளின் நிதானம் உள்ளூரில் வெல்லப் போதும், ஜெட்டாவில் போதவில்லை.

ஆகவே மாநிலக் கூடைப்பந்துக் கழகத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான்கு நாளில் முடியும் கோப்பைகள் இருக்கட்டும். ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை, வாரம் ஓர் ஆட்டமாக, கல்லூரிகளும் வங்கிகளும் ரயில்வேயும் சேர்ந்த ஒரே லீக் நடத்துங்கள். அதன் இரண்டாம் பிரிவில் திருவள்ளூர், ராணிப்பேட்டை போன்ற மாவட்டக் கல்லூரிகளுக்கு இடம் கொடுங்கள். ஆட்டங்களைச் சென்னையில் மட்டும் வைக்காமல் அந்தந்த ஊர்த் தளத்தில் வையுங்கள்.